யாழ்ப்பாணத்து வீட்டில் மொடல் ஷண்டிங் எஞ்சின்: வாங்குவது முதல் ஓட்டுவது வரை

மொடல் றெயில் என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது வட்டமாகச் சுற்றும் தண்டவாளமும் அதில் வேகமாக ஓடும் பயணிகள் கோச்சியும்தான். அதற்கு இடம் நிறையத் தேவை. எச்ஓ என்ற மொடல் அளவில் நீளமான எஞ்சின் தடம் புரளாமல் திரும்ப வளைவின் ஆரம் 55 செமீக்குக் குறையக்கூடாது. அப்படியானால் மேசையின் அகலமே 4 அடியைத் தாண்டிவிடும். ஷண்டிங்குக்கு அந்தத் தொல்லை இல்லை. சுவரோரம் 6 அடி நீளம், 1 அடி அகலத்தில் ஒரு பலகை, ஒரு சின்ன எஞ்சின், எட்டுச் சரக்குப் பெட்டிகள். இவ்வளவும் இருந்தால் வருடக்கணக்காக ஓட்டலாம்.

சரக்குப் பெட்டிகளைப் பிரித்து, வரிசை மாற்றி, உரிய வழியில் கொண்டுபோய் நிறுத்துவதுதான் ஷண்டிங் எஞ்சினின் வேலை. அது வேகமாக ஓடத் தேவையில்லை, நடப்பதைவிட மெதுவாக நகரத் தெரிந்தால் போதும். எஞ்சின் தெரிவு செய்வதிலிருந்து தண்டவாளம் துடைப்பதுவரை கீழே சொல்லும் எல்லாமே அந்த மெதுவான, தடங்கலற்ற நகர்வுக்காகத்தான். வாங்குகிற ஒவ்வொரு சாமானையும் அந்த ஒரு கேள்வியை வைத்தே பாருங்கள்.

படி 1: அளவும் கறண்ட் முறையும்

யாழ்ப்பாணத்தில் இந்தச் சாமான்கள் பெரும்பாலும் வெளிநாட்டு உறவினர் வழியாகத்தான் வந்து சேரும். எனவே எந்த அளவு என்பதை, உங்களுக்கு யார் எங்கே இருக்கிறார்கள் என்பதைப் பார்த்து முடிவு செய்வதே புத்தி.

ரொறன்ரோவில் அண்ணா இருந்தால் எச்ஓ. அது 1:87 அளவு, தண்டவாள இடைவெளி 16.5 மிமீ. வட அமெரிக்காவில் எஞ்சினும் பெட்டியும் உதிரிப்பாகமும் அதிகம் கிடைப்பது இந்த அளவில்தான். லண்டனில் சித்தி இருந்தால் ஓஓ. அது 1:76 அளவு, ஆனால் ஓடுவது அதே 16.5 மிமீ தண்டவாளத்தில். இரண்டையும் ஒரே பலகையில் ஓட்டலாம். பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் மட்டும் ஓஓ ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும்.

சுவிஸிலோ ஜேர்மனியிலோ ஆட்கள் இருந்தால் கவனம் தேவை. அங்கே மெர்க்ளின் கம்பனியின் எஞ்சின்கள் மலிவாகவும் நல்ல நிலையிலும் கிடைக்கும். ஆனால் அது மூன்று தட முறை: நடுவில் ஒரு மின்தொடர்பு வரிசை போகும், சக்கரங்களுக்கு இடையில் மின்காப்பு இருக்காது. அந்த எஞ்சினை நமது இரண்டு தடத் தண்டவாளத்தில் வைத்தவுடன் ஷோட் ஆகும். அங்கிருந்து வாங்குவிப்பதானால் 'இரண்டு தடம், டிசி' (ஒரே திசையில் ஓடும் நேர்மின்னோட்டம்) என்று தெளிவாக எழுதி அனுப்புங்கள். ரோக்கோ போன்ற கம்பனிகள் ஒரே எஞ்சினை இரண்டு முறையிலும் விற்பதால், பெட்டியின் படத்தை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது. பொருள் இலக்கத்தைச் சரிபார்க்க வேண்டும்.

இடம் மிகக் குறைவென்றால் 'என்' (N) எனப்படும் அளவு இருக்கிறது: 9 மிமீ தண்டவாளம், 3 அடிப் பலகை. ஆனால் எஞ்சின் இலேசானதாக இருப்பதால் தூசிக்கும் அழுக்குக்கும் அது உடனே நின்றுவிடும். தெருப்புழுதி வீட்டுக்குள் வரும் நமது ஊரில் முதல் பலகைக்கு நான் அதைச் சொல்லமாட்டேன்.

நமது றெயிலையே செய்ய ஆசைப்படுபவர்களுக்கு ஒரு கணக்கு. இலங்கையின் அகலப் பாதை 1676 மிமீ. 1:87இல் அது 19.3 மிமீ ஆகும், 1:76இல் 22 மிமீ. ஆகவே 16.5 மிமீ தண்டவாளத்தில் நமது எஞ்சின் ஒடுங்கிய காலோடு நிற்பதுபோல் தெரியும். ஆனால் 1:100 அளவில் கட்டினால் 16.76 மிமீ வருகிறது, கிட்டத்தட்டப் பொருந்திவிடும். உடற்கூட்டைத் தாங்களே மட்டையிலோ பிளாஸ்ரிக் தகட்டிலோ செய்பவர்களுக்கு இது நல்ல வழி. 1969இல் இங்கிலாந்தின் ஹன்ஸ்லெட் கம்பனியிலிருந்து இலங்கைக்கு வந்த வை வகுப்பு ஷண்டிங் எஞ்சின், ஆறு சக்கரத்தோடு பெட்டி வடிவில் இருப்பதால், அப்படிக் கட்டுவதற்கு ஏற்றது.

படி 2: எந்த எஞ்சின்

சேகரிப்பு என்றால் அலுமாரி நிறைய வேண்டும் என்றில்லை. மூன்று எஞ்சின், மூன்றும் வெவ்வேறு குணம் உள்ளவையாக இருந்தால் நல்ல தொடக்கம்.

முதலாவது, பின்பக்கம் சாரதி அறையும் முன்பக்கம் நீண்ட மூடியும் உள்ள அமெரிக்க நான்கு அச்சு வகை. இஎம்டி கம்பனியின் என்டபிள்யூ2 1939 முதல் 1949 வரையும், எஸ்டபிள்யூ1500 1966 முதல் 1974 வரையும் தயாரானவை. அல்கோவின் எஸ்-2 1940இல் வந்தது. இவற்றின் மொடல்களை கேட்டோ, வால்தர்ஸ், அட்லஸ், பாக்மன் முதலிய கம்பனிகள் வெவ்வேறு காலங்களில் விற்றிருக்கின்றன. எச்ஓவில் நீளம் 15 செமீ அளவு. நான்கு அச்சிலும் இயக்கம், எட்டுச் சில்லிலும் மின்தொடர்பு, உள்ளே கனமான உலோகச் சட்டகம். முதல் எஞ்சினாக இந்த வகையையே வாங்குங்கள்.

இரண்டாவது, ஜெனரல் எலெக்ட்ரிக்கின் 44 தொன் எஞ்சின். இதன் எடைக்கே ஒரு கதை உண்டு. அமெரிக்காவில் 1937இல் றெயில் கம்பனிகளுக்கும் தொழிற்சங்கத்துக்கும் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, 90,000 இறாத்தலுக்கு மேல் எடையுள்ள எஞ்சினில் சாரதியோடு உதவியாளர் ஒருவரும் இருக்க வேண்டும். 44 அமெரிக்கத் தொன் என்பது 88,000 இறாத்தல். எல்லைக்குச் சற்றுக் கீழே நிற்கும்படி அளந்து கட்டிய எஞ்சின் இது. சாரதி அறை நடுவில், இரண்டு பக்கமும் தாழ்ந்த மூடி, ஒவ்வொன்றின் கீழும் ஒரு டீசல் எஞ்சின். 1940 முதல் 1956 வரை தயாரானது. எச்ஓவில் 12 செமீதான். சிறிய தொழிற்சாலை வளவில் இதைவிடப் பொருத்தமாக எதுவும் நிற்காது.

மூன்றாவது, பிரித்தானியாவின் 08 வகுப்பு. 1952 முதல் 1962 வரை 996 எஞ்சின்கள் கட்டப்பட்டன, 350 குதிரைவலு. ஆறு சில்லையும் வெளிப்பக்கத் தண்டு ஒன்று சேர்த்துச் சுழற்றும். மெதுவாகப் போகும்போது அந்தத் தண்டு ஏறி இறங்குவதைப் பார்ப்பதற்காகவே இதை வாங்கலாம். ஹோர்ன்பியும் பாக்மனும் ஓஓவில் செய்திருக்கின்றன. ஆறு சில்லு மட்டும் என்பதால் தண்டவாளம் சுத்தமாக இருப்பதில் இது கண்டிப்பு காட்டும். அதனால்தான் இதை மூன்றாவதாக வைத்தேன்.

படி 3: வாங்குவதும் கொண்டுவருவிப்பதும்

பாவித்த எஞ்சினுக்குப் பயப்பட வேண்டாம். ஆனால் உறவினரிடம் 'ஒரு றெயில் எஞ்சின் வாங்கி விடுங்கோ' என்று மட்டும் சொன்னால், விளையாட்டுப் பொருள் கடையில் ஒரு பற்றரி றெயில் வந்து சேரும். கம்பனியின் பெயர், பொருள் இலக்கம், அளவு, டிசியா டிசிசியா (விளக்கம் படி 4இல்) என்ற நான்கையும் வட்ஸ்அப்பில் எழுதி அனுப்புங்கள். விற்பவரிடம் எஞ்சின் மிக மெதுவாக ஓடும் காணொளி ஒன்று கேட்கச் சொல்லுங்கள். வேகமாக ஓடும் காணொளி எதையும் நிரூபிக்காது. எந்த எஞ்சினும் வேகமாக ஓடும்.

பழைய எஞ்சினில் இரண்டு நோய்களைப் பாருங்கள். ஒன்று, அச்சில் உள்ள பிளாஸ்ரிக் பற்சக்கரம் வெடித்திருப்பது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை 'டக்' என்று கேட்கும், எஞ்சின் நொண்டும். மாற்றுப் பற்சக்கரம் கிடைக்கிற மொடல் என்றால் வாங்கலாம். மற்றது, துத்தநாகக் கலவைச் சட்டகம் வீங்கி வெடிப்பது. அதற்கு மருந்து இல்லை, வாங்கக்கூடாது.

கொண்டுவருபவர் எஞ்சினை அதன் சொந்தப் பெட்டியிலேயே வைத்துக் கைப்பொதியில் கொண்டுவரட்டும். கைபிடிக் கம்பிகளும் படிகளும் மயிரிழை போன்றவை. பெரிய பெட்டிக்குள் பால்மா டின்னுக்கு அடியில் போனால் மிஞ்சாது.

படி 4: கறண்ட்

கனடாவிலிருந்து வரும் பழைய பவர் பெட்டிகள் 120 வோல்ட்டுக்கு உரியவை. நமது 230 வோல்ட்டில் நேரே செருகினால் எரிந்துபோகும். பின்பக்கத்து ஒட்டுச்சீட்டை வாசியுங்கள். '100–240' என்று இருந்தால் பிளக்கை மட்டும் மாற்றிச் செருகலாம். '120' என்று மட்டும் இருந்தால் அதை அங்கேயே விட்டுவரச் சொல்லுங்கள்.

ஒரு எஞ்சின் மட்டும் ஓடும் பலகைக்குச் சாதாரண டிசி போதும். 12 வோல்ட் டிசி அடப்டரும், துடிப்பு முறையில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு சிறிய கட்டுப்பாட்டுப் பலகையும், திசை மாற்றும் சுவிட்சும் சேர்ந்தால் கட்டுப்பாட்டுப் பெட்டி தயார். துடிப்பு முறையில் மோட்டருக்கு முழு வோல்ட் சிறு சிறு தட்டல்களாகப் போவதால் எஞ்சின் ஊர்ந்து கிளம்பும். இரும்பு உள்ளகம் இல்லாத மோட்டர் பூட்டிய மொடல்களுக்கு மட்டும் இது ஆகாது, குறைந்த அதிர்வெண் துடிப்பில் அவை சூடாகும். கறண்ட் நிற்கும் நாட்களில் 12 வோல்ட் பற்றரியிலும் இதே பெட்டி வேலை செய்யும். ஆனால் பற்றரிக்குப் பக்கத்திலேயே 2 அம்பியர் பியூஸ் ஒன்று கட்டாயம். தண்டவாளத்தில் ஒரு ஸ்குரூட்ரைவர் குறுக்கே விழுந்தாலே கார்ப் பற்றரி வயரை உருக்கிவிடும்.

டிசிசி என்பது தண்டவாளத்தில் எப்போதும் கறண்ட் இருக்க, எஞ்சினுக்குள் இருக்கும் டிகோடர் என்ற சிறு மின்னணுப் பலகைக்குக் கட்டளை அனுப்பும் முறை. ஒரே தண்டவாளத்தில் இரண்டு எஞ்சினைத் தனித்தனியே ஓட்டவும், சத்தம் கேட்கவும் அது வேண்டும். ஆர்டுயினோ என்ற சிறு மின்னணுப் பலகையில் நாமே செய்யும் டிசிசி-இஎக்ஸ் கட்டுப்பாட்டுக் கருவி செலவைக் குறைக்கும். ஷண்டிங் ஓட்டுபவருக்கு டிசிசியின் பெரிய இலாபம் வேறு: டிகோடரோடு மின்தேக்கி ஒன்றைச் சேர்த்தால் அழுக்குத் துண்டிலும் எஞ்சின் நிற்காது. டிகோடரில் சிவி எனப்படும் அமைப்பு எண்கள் உண்டு; சிவி 2 கிளம்பும் வோல்ட்டையும் சிவி 5 உச்ச வேகத்தையும் தீர்மானிக்கும். உச்ச வேகத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டு 128 வேகப் படிகளில் ஓட்டிப் பாருங்கள், வேகக் கைப்பிடியின் சுற்று முழுவதும் பயன்படும்.

படி 5: பலகையும் தண்டவாளமும்

12 மிமீ பிளைவுட், அடியில் 2 அங்குலச் சட்டம். கறையானுக்கும் மாரி ஈரத்துக்கும் இரண்டு பக்கமும் விளிம்பும் சேர்த்து வர்ணம் அடியுங்கள். மேல்பக்கம் மட்டும் அடித்தால் பலகை வளையும். சுவரோடு ஒட்டாமல் இரண்டு விரல் இடைவெளி விடுங்கள்.

தண்டவாளம் நிக்கல் சில்வராக இருக்கட்டும். இரும்புத் தண்டவாளம் கடற்காற்றில் துருப்பிடிக்கும். பித்தளை களிம்பு பிடித்துக் கறண்டைத் தடுக்கும். ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் அடியில் தனித்தனி வயர் சொல்டர் பண்ணுங்கள், இணைப்புத் தகட்டை நம்ப வேண்டாம். இணைப்பில் அரை மில்லிமீற்றர் இடைவெளி விடுங்கள். 2 மீற்றர் தண்டவாளம் 15 பாகை வெப்பம் ஏறினால் அந்த அளவு நீளும்.

ஒரு வழியிலிருந்து மற்றதற்குத் திருப்பிவிடும் பொயின்ட்தான் இந்தப் பலகையின் உயிர், அங்கே காசு பார்க்க வேண்டாம். இரண்டு தண்டவாளம் குறுக்கிடும் மூக்கு பிளாஸ்ரிக்காக இருந்தால் அந்த ஓரிரு செமீயில் கறண்ட் இல்லை. நீண்ட எஞ்சின் வேகத்தில் தாண்டிவிடும். குட்டி எஞ்சின் ஊர்ந்து வந்து அதன்மேல் நின்றேவிடும். பீக்கோ கம்பனியின் எலெக்ட்ரோபிரொக் போல மூக்கும் உலோகமாக உள்ளதை வாங்கி, பொயின்ட் திரும்பும்போது மூக்கின் முனைவையும் மாற்றும் சிறிய சுவிட்ச் ஒன்றைப் பூட்டுங்கள்.

தண்டவாளம் பதித்து முடிந்ததும் எஞ்சினை வைக்காதீர்கள். முதலில் ஒரு பெட்டியை விரலால் தள்ளி முழுத் தூரமும் போங்கள். சில்லு எங்கே துள்ளுகிறது, எங்கே இறுகுகிறது என்று விரலுக்குத் தெரியும். அந்த இடத்தை அரத்தால் திருத்திவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

படி 6: எஞ்சினைச் சோதித்தல்

புதியதோ பழையதோ, முதல் நாள் சுமையின்றி இரண்டு திசையிலும் அரைமணி நேரம் மிதமான வேகத்தில் ஓடட்டும். அப்புறம் ஒரு அடிமட்டத்தைத் தண்டவாளத்தோரம் வைத்து, கைபேசியில் நேரம் பாருங்கள். எச்ஓவில் 30 செமீயைக் கடக்க 12 செக்கன் எடுத்தால் அது உண்மையான எஞ்சினில் மணிக்கு 8 கிமீ. ஷண்டிங்குக்கு அதுவே சாதாரண வேகம். நல்ல எஞ்சின் 20 செக்கனிலும் தயங்காமல் போகும். எப்போதும் ஒரே இடத்தில் தயங்கினால் குற்றம் தண்டவாளத்தில். இடம் மாறி மாறித் தயங்கினால் சில்லில் அழுக்கு.

படி 7: கொக்கி

கழற்றுவதும் கொழுவுவதும்தான் முழு ஆட்டமும் என்பதால், எல்லா எஞ்சினுக்கும் பெட்டிக்கும் ஒரே வகைக் கொக்கி இருக்க வேண்டும். நான் சொல்வது கேடி கம்பனியின் உலோகக் கொக்கி. பெரும்பாலான எச்ஓ பெட்டிகளுக்கு 5ஆம் இலக்கம் பொருந்தும். ஐரோப்பிய, பிரித்தானிய மொடல்களில் கொக்கியைச் செருகும் பை இருந்தால் 17 முதல் 20 வரையான இலக்கங்கள் நீளத்துக்கேற்ப. உயரம் பார்க்கும் அளவுகோல் ஒன்றையும் சேர்த்து வாங்குங்கள். ஒரு கொக்கி ஒரு மில்லிமீற்றர் தாழ்ந்திருந்தாலும் பெட்டி தள்ளும்போது கழன்றுவிடும்.

கழற்றுவதற்குக் காந்தம் உண்டு, ஆனால் கையால் கழற்றுவதே எனக்குப் பிடிக்கும். மூங்கில் குச்சி ஒன்றின் முனையைத் தட்டையாகச் சீவி, இரண்டு கொக்கிக்கும் நடுவே மேலிருந்து விட்டு மெல்லத் திருகினால் விலகும். எஞ்சினைச் சற்றுப் பின்னே தள்ளி இழுவையைத் தளர்த்திய பிறகே திருக வேண்டும். இழுவையில் இருக்கும் கொக்கி கழராது.

படி 8: ஓட்டுதல்

இங்கிலாந்தின் அலன் ரைட் வகுத்த இங்கிள்நூக் அமைப்பு உலகெங்கும் ஆடப்படுகிறது. இரண்டே பொயின்ட், மூன்று கிளை வழிகள். ஒன்றில் 5 பெட்டி நிற்கும், மற்ற இரண்டிலும் மும்மூன்று. எஞ்சின் நிற்கும் இழுவழியில் எஞ்சினோடு 3 பெட்டிக்கு மட்டும் இடம். மொத்தம் 8 பெட்டிகள். எட்டுக்கும் சீட்டு எழுதிப்போட்டு ஐந்தை எடுங்கள். எடுத்த வரிசைப்படியே அந்த ஐந்தும் நீண்ட வழியில் நிற்க வேண்டும். சாத்தியமான வரிசைகள் 6,720.

ஒரு அசைவைக் கிட்டப் பார்ப்போம். நீண்ட வழியில் பொயின்ட் பக்கத்திலிருந்து 1, 2, 3, 4, 5 நிற்கின்றன. ஒரு குறுகிய வழியில் 6, 7, 8. மற்றது வெறுமை. 3 வேண்டும். எஞ்சின் ஊர்ந்துபோய் 1ஐத் தொடுகிறது, கொக்கி விழுந்த சத்தம் கேட்டதா என்று பாருங்கள். 3க்கும் 4க்கும் இடையில் கழற்றி, மூன்றையும் இழுவழிக்குக் கொண்டுவாருங்கள். அதற்கு மேல் ஒரு பெட்டிகூட அங்கே கொள்ளாது. பொயின்டைத் திருப்பி வெறும் வழிக்குள் தள்ளினால் 3 முதலில் உள்ளே போகும். அதை விட்டுவிட்டு 1ஐயும் 2ஐயும் திருப்பி எடுங்கள். இதே வேளை கேட்டது 3 அல்ல, 4 என்றால் ஒரே இழுப்பில் அதை எட்ட முடியாது. முதலில் எதை எங்கே ஒதுக்குவது என்று யோசித்த பிறகுதான் கைப்பிடியைத் தொட வேண்டும். இழுவழியை நீட்டித் தரும்படி சிலர் கேட்பார்கள். நீட்டாதீர்கள், அந்த இட நெருக்கடியில்தான் ஆட்டமே இருக்கிறது.

பலகைக்கு ஊர்க்களம் வேண்டுமென்றால் காங்கேசன்துறை இருக்கிறது. அங்கே 1990இல் மூடப்பட்ட சிமெந்துத் தொழிற்சாலையும் துறைமுகமும் றெயில் பாதையின் கடைசி நிலையமும் அருகருகே. நீண்ட வழியைச் சிமெந்து ஏற்றும் மேடையாகவும், குறுகிய ஒன்றை வெங்காயமும் புகையிலையும் ஏற்றும் கொட்டகையாகவும் வைக்கலாம். 1990இல் நின்ற பாதை 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும் 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் திரும்பியது. இடையில் பிறந்த ஒரு தலைமுறை ஊரில் ஷண்டிங் பார்த்ததே இல்லை. அவர்களின் கையில் கைப்பிடியைக் கொடுங்கள். இருவர் ஆடுவதென்றால் ஒருவர் எஞ்சின் ஓட்ட, மற்றவர் பொயின்டும் கொக்கியும் பார்க்கலாம். இடையில் கைச்சைகை மட்டும்.

படி 9: நமது காற்றுக்கு ஏற்ற பராமரிப்பு

ஓட்டத் தொடங்குமுன் பழைய பருத்தித் துணியில் ஐசோபுரோபைல் அற்ககோல் தொட்டுத் தண்டவாளத்தைத் துடையுங்கள். மணற்கடதாசி வேண்டாம், அது போடும் கீறல்களில் அழுக்கு இன்னும் சேரும். சில்லுக்கு ஒரு எளிய வழி: மெல்லிய கடதாசித் துண்டொன்றை அற்ககோலில் நனைத்துத் தண்டவாளத்தின் குறுக்கே போடுங்கள். எஞ்சினின் ஒரு முனைச் சில்லுகள் கடதாசியிலும் மறுமுனைச் சில்லுகள் வெறும் தண்டவாளத்திலும் இருக்கும்படி பிடித்துக்கொண்டு கறண்ட் கொடுங்கள். சில்லு சுழலச் சுழலக் கடதாசியில் கரிய கோடுகள் விழும். கோடு விழுவது நிற்கும்வரை கடதாசியை நகர்த்தி நகர்த்திச் செய்து, பிறகு மறுமுனை.

எண்ணெய் என்றால் பிளாஸ்ரிக்கைப் பாதிக்காத மெல்லிய மொடல் எண்ணெய், ஊசி முனையில் ஒரு துளி, அச்சுத் தாங்கிகளுக்கு மட்டும். தேங்காயெண்ணெய் கூடவே கூடாது, அது பிசினாகி இறுகிவிடும். ஓடாத நாட்களில் பலகையைத் துணியால் மூடுங்கள். எஞ்சின்களை மூடி இறுகும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள். மாரி காலத்தில் அந்தப் பைகளை மாதம் ஒருமுறை சூடாக்கி உலர்த்தி, ஒவ்வொரு எஞ்சினையும் வெளியே எடுத்துப் பத்து நிமிடம் ஓட்டிவிட்டுத் திரும்ப வையுங்கள்.